வீடு திரும்பாத உள்ளம்: போர் நாவல்களில் ஓர் உளவியல் நோக்கு

தமிழ் அகப்பொருள் மரபில் முல்லைத் திணைக்கு உயிராக இருப்பது, பிரிந்து சென்றவன் திரும்பி வருவான் என்னும் நம்பிக்கையாகும். கார்காலத் தொடக்கத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போர்மேற் சென்ற தலைவனுக்காகத் தலைவி ஆற்றியிருக்கிறாள். மழை பொழிகிறது, முல்லை மலர்கிறது, தேர் வரும் ஓசை கேட்கிறது, பாட்டு நிறைவுறுகிறது. பத்துப்பாட்டுள் 103 அடிகளால் அமைந்த முல்லைப்பாட்டு இவ்வமைப்புக்குத் தக்க சான்று. நப்பூதனார் பாடிய அப்பாட்டில் பாசறைக் காட்சி ஒன்று வருகிறது. நள்ளிரவில் அரசன் உறங்காதிருக்கிறான். புண்பட்ட யானைகளையும், செஞ்சோற்றுக் கடன் கழித்து மாண்ட வீரரையும், அம்பு தைத்து வருந்தும் குதிரைகளையும் அவன் மனம் எண்ணுகிறது. பின்னர் வெற்றி கிட்டுகிறது. அவன் வீடு நோக்கி விரைகிறான்.

இங்கே படிப்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் கூடும். அந்த உறக்கமற்ற இரவு அரசனோடு வீட்டுக்கும் வந்ததா? பாட்டு இதற்கு விடை கூறவில்லை. பிரிவையும் வருகையையும் பொருளாகக் கொண்ட பாட்டுக்கு அவ்விடை தேவையும் இல்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் போர் நாவல், பழம்பாட்டு முடியும் இடத்திலிருந்தே தன் வினாவை எடுத்துக்கொள்கிறது. திரும்பி வந்தவன் யார்? அவன் முன்பு போனவன்தானா? அவனை வரவேற்கும் வீடு யாரை எதிர்பார்த்திருந்தது? இவ்வினாக்களை ஒரு ஜெர்மானிய நாவலையும், மலாக்கா நீரிணைக் கரையில் பிறந்த இரண்டு தமிழ் நாவல்களையும் அருகருகே வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஜெர்மானிய நாவலின் கதைத்தலைவனை உளவியல் கொண்டு விளக்கும் நூல்கள் பல உள்ளன. நம் நாவல்களின் தலைவர்களையோ நாம் இன்னும் பெரும்பாலும் காதலில் தோற்றவர், சாகசம் செய்தவர் என்ற அளவிலேயே அறிந்திருக்கிறோம்.

பள்ளி மேசையிலிருந்து போர்க்களத்துக்கு

எரிக் மரியா ரெமார்க் 1898ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஓஸ்னாபுருக் நகரில் பிறந்தவர். 1916இல் படைக்கு அழைக்கப்பட்டார். 1917 ஜூலைத் திங்கள் இறுதியில் பிளாண்டர்ஸ் களத்தில் காயமுற்று நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தார். போர் முடிந்தபின் சிறிது காலம் தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார் என்பது ஆசிரியர்களாகிய நமக்கு நினைவில் நிற்க வேண்டிய செய்தி. மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை என்னும் பொருள்படும் தலைப்புடைய அவருடைய நாவல் 1928இல் பெர்லின் நாளிதழொன்றில் தொடராக வந்து, 1929இல் நூலாயிற்று. 1933ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் நாஜிகள் தீயிலிட்ட நூல்களுள் இதுவும் ஒன்று. 1938இல் ரெமார்க்கின் குடியுரிமை பறிக்கப்பட்டது. ஜெர்மனியிலேயே இருந்த அவருடைய தங்கை எல்ஃபிரீட, போரில் வெற்றி கிட்டாது என்று பேசியமைக்காக 1943இல் கொல்லப்பட்டார். படைவீரனின் உள்ளத்தை உள்ளபடி எழுதிய ஒரு கதையைக் கண்டு ஓர் ஆட்சி அத்துணை அஞ்சியது.

கதைத்தலைவன் பவுல் பாய்மர் பத்தொன்பது வயது மாணவன். கான்டோரெக் என்னும் ஆசிரியரின் வீரவுரைகளைக் கேட்டு அவனும் அவன் வகுப்புத் தோழர்களும் படையிற் சேர்கின்றனர். ஒருவர்பின் ஒருவராகத் தோழர்கள் மடிகின்றனர். 1918ஆம் ஆண்டு அக்டோபரில், புதிதாக ஒன்றுமில்லை என்று படைத்தலைமை அறிக்கை விடுத்த அமைதியான ஒரு நாளில் பவுலும் மடிகிறான். கதைச்சுருக்கம் இவ்வளவே. ஆனால் உளவியல் நோக்கில் இந்நாவலின் நடுநாடி, குண்டு விழும் பகுதிகளில் இல்லை. பவுல் விடுப்பில் வீட்டுக்கு வரும் பகுதியில் இருக்கிறது.

பதினேழு நாள் விடுப்பு. தாய் நோயுற்றுக் கிடக்கிறாள். அவனுடைய அறை அவன் விட்டுச் சென்றவாறே இருக்கிறது. அவன் சேர்த்து வைத்த வண்ணத்துப்பூச்சிப் பெட்டி சுவரில் தொங்குகிறது. அவன் விரும்பி வாங்கிய நூல்கள் அடுக்கில் நிற்கின்றன. நூல்களை எடுத்துப் புரட்டுகிறான். அவை அவனோடு பேசவில்லை. பழைய உடையை அணிகிறான். அது அளவிற் சிறுத்துவிட்டது. தெருவில் டிராம் வண்டி கிறீச்சிடும் ஒலி, பாய்ந்துவரும் குண்டின் ஒலியாகக் கேட்டுத் திடுக்கிடுகிறான். தந்தை போர்க்கதைகளைக் கேட்க விரும்புகிறார். மகன் சொல்ல மறுக்கிறான். சொல்லத் தொடங்கினால் அவை பேருருக்கொண்டு தன் கட்டுக்கு அடங்காமற் போகும் என்று அஞ்சுகிறான். மாண்ட தோழன் கெம்மரிக்கின் தாயிடம், உங்கள் மகன் துன்பமின்றி உடனே இறந்தான் என்று ஆணையிட்டுப் பொய் கூறுகிறான். விடுப்பு முடியும்போது, வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது என்று எண்ணுகிறான்.

இந்த நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றும் உளவியலார் பின்னர்ப் பெயரிட்டு வகைப்படுத்திய ஒரு மனநிலையைக் காட்டுகின்றன. ஒலிக்கு உடல் அதிர்வது, காப்புணர்வு ஓயாத நிலை. நூல்கள் பேசாமற் போவது, உணர்ச்சி மரத்த நிலை. தந்தையிடம் வாய் திறவாமை, நினைவைத் தொட அஞ்சும் விலகல். தாயிடம் சொன்ன பொய்யோ வேறு வகையைச் சேர்ந்தது. பிறர் தாங்கமாட்டார் என்று தான் கண்டதைத் தானே சுமப்பவனின் அன்பு அதில் உள்ளது. ஆகவே பவுலின் உள்ளத்தை நோய் என்னும் ஒரே சொல்லால் அளந்துவிட முடியாது.

பெயர் பெற்ற துன்பம்

உளவியல் இத்துன்பத்தை அறிந்துகொண்ட வரலாறு தனியே நோக்கத்தக்கது. 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், களத்திலிருந்து வந்த வீரர்களின் நடுக்கம், மறதி, பேச்சிழப்பு முதலியவற்றைக் குண்டதிர்ச்சி என்னும் பெயரால் மருத்துவ இதழொன்றில் எழுதினார். வெடியின் அதிர்வு மூளையைத் தாக்குவதால் இந்நிலை வருகிறது என்று முதலில் கருதப்பட்டது. குண்டு விழாத இடத்தில் இருந்தவர்க்கும் இது வருதல் கண்டு அக்கருத்துத் தளர்ந்தது. ஜெர்மனியில் இத்தகையோரைப் போர் நடுக்கர் என்று அழைத்தனர். மின்சாரம் பாய்ச்சி அவர்களைக் களத்துக்குத் திருப்பி அனுப்பும் சிகிச்சையும் நடந்தது. கோழைகள் என்றும், ஓய்வூதியத்துக்காக நடிப்பவர்கள் என்றும் அவர்களைப் பலர் இகழ்ந்தனர்.

சிக்மண்ட் பிராய்டு 1920இல் வெளியிட்ட நூலில் ஒரு புதிரை எடுத்துரைத்தார். கனவு விருப்பத்தை நிறைவேற்றுவது என்பது அவர் முன்னர்க் கொண்டிருந்த கொள்கை. அவ்வாறாயின் போரிலிருந்து மீண்டவன் இரவுதோறும் அதே அச்சக் காட்சியைக் கனவு காண்பது ஏன்? மனம் இன்பத்தை மட்டும் நாடுவதில்லை. தன்னைப் புண்படுத்திய கணத்துக்கே மீண்டும் மீண்டும் திரும்புகிறது என்று அவர் எழுத நேர்ந்தது. வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்க வீரர்களின் நிலையைக் கண்டபின், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனவுளைச்சல் என்பதற்கு இடம் தந்தது. மருத்துவம் 65 ஆண்டுகளில் வந்தடைந்த இடத்தில் இலக்கியம் முன்னரே நின்றுகொண்டிருந்தது எனலாம்.

ஜெர்மானிய வீரனுக்கு இவ்வாறு இலக்கியமும் மருத்துவமும் கிடைத்தன. அதே நூற்றாண்டில், வேறொரு போரில், வேறொரு கரையில் துப்பாக்கி ஏந்திய தமிழனுக்கு என்ன கிடைத்தது? அவன் உள்ளத்தை அறிய, அவன் எங்கிருந்து போருக்குச் சென்றான் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கிள்ளான் கரையும் குனிந்த முதுகும்

பண்டமாரானுக்கு அண்மையிலுள்ள துறைமுகம் 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது அதன் பெயர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம்; 1972 முதல் அது போர்ட் கிள்ளான். தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் பலர் இத்துறையில் இறங்கி, தனிமைப்படுத்தும் முகாமில் தங்கியபின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே துரை, கிராணி, கங்காணி என்னும் படிநிலையின் அடியில் அவர்கள் வாழ்வு அமைந்தது.

அவ்வாழ்வு உள்ளத்தை எவ்வாறு வளைத்தது என்பதற்கு 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தங்களே சான்று. ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் கூலி உயர்வு கேட்டது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டது. கள்ளுக்கடைகளை மூடக் கேட்டது. கோரிக்கைகளுள் ஒன்று, தோட்ட மேலாளர்களும் அலுவலர்களும் எதிரே வரும்போது தொழிலாளர் மிதிவண்டியைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிப்பது. வயிற்றைப் பற்றிய கோரிக்கைகளோடு முதுகெலும்பைப் பற்றிய கோரிக்கையும் ஒன்றாக நின்றது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் மேலும் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

எட்டு மாதங்கள் கழியுமுன் அந்தத் துரைமார் ஜப்பானியப் படைக்கு அஞ்சித் தெற்கு நோக்கி ஓடியதைத் தோட்ட மக்கள் கண்டனர். 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். போர்க்கைதிகளாக இருந்த சிப்பாய்களோடு, தோட்டத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் எழுத்தர்களும் படையிற் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் பெண்களும் சேர்ந்தனர். மிதிவண்டியைவிட்டு இறங்கி நின்றவன் சீருடை அணிந்து நிமிர்ந்து நின்றான். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, படை கலைந்தது. செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் படைகள் கிள்ளானுக்குத் தெற்கேயுள்ள மோரிப் கடற்கரையில் இறங்கின. பழைய ஆட்சி திரும்பியது. நிமிர்ந்தவன் என்ன செய்வான்? இவ்வினாவே நம் நாவல்களின் கருவாயிற்று.

செல்லையா: பெற்றதை விட இயலாதவன்

இந்நாவல்களின் ஆசிரியர் ப. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் சுமத்திராவின் மேடான் நகருக்குக் கடைப்பணிக்காக வந்தார். போர்க்காலத்தை இவ்வட்டாரத்தில் கழித்தார். 1946இல் தாயகம் திரும்பினார். பின்னர் மதுரையில் தினத்தந்தி நாளிதழில் நீண்டகாலம் பணிபுரிந்து, 1997இல் மறைந்தார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்ற ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் நூலாக வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது.

‘கடலுக்கு அப்பால்’ நாவலின் தலைவன் செல்லையா, பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளை என்னும் முதலாளியின் வட்டிக்கடையில் பணிபுரிந்து, இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்து, போர் முடிந்தபின் மீண்டவன். முதலாளியின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். முதலாளி மறுக்கிறார். மேலோட்டமாகப் படிப்பவர்க்கு இது தந்தை தடுத்த காதற்கதையாகத் தோன்றும். ஆனால் அவர் மறுப்பதற்குரிய காரணத்தை நோக்குதல் வேண்டும். செல்லையாவின் குலமோ ஏழ்மையோ அங்கே தடையில்லை. துப்பாக்கி எடுத்தவன் இனிக் கணக்குப் புத்தகத்துக்கு உதவான் என்பது அவர் முடிவு. அடங்கி, பொறுத்து, ஒவ்வொரு வெள்ளியாகச் சேர்க்கும் வட்டித் தொழிலுக்கு வேண்டிய மனம் அவனிடமிருந்து போய்விட்டது என்று அவர் காண்கிறார். அவர் கண்டது பொய்யன்று. இதுவே நாவலின் துன்பத்துக்கு ஆழம் தருவது. வயிரமுத்துப் பிள்ளை கொடியவரல்லர். தம் உலகின் அளவுகோலால் அளக்கிறார். அந்த அளவுகோலில் செல்லையா பொருந்தவில்லை.

பவுலுக்குப் பழைய உடை சிறுத்துவிட்டதை மேலே கண்டோம். செல்லையாவுக்குச் சிறுத்துப்போனது பழைய வேலை. இருவர்க்கும் பொதுவானது இப்பொருத்தமின்மை. ஆயினும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. போர் பவுலிடமிருந்து எடுத்துக்கொண்டதே மிகுதி. இளமை, கல்வி, நம்பிக்கை ஆகிய அனைத்தையும் அவன் இழந்தான். செல்லையாவுக்கோ போர் ஒன்றைக் கொடுத்தது. ஏவல் செய்து பழகிய இளைஞன் ஏவல் இடும் நிலையை அடைந்தான். தன் உயிருக்கு ஒரு பொது நோக்கம் உண்டு என்பதை உணர்ந்தான். ஆகவே பவுல் இழந்ததை எண்ணி வருந்துகிறான். செல்லையா பெற்றதை விட்டுவிட இயலாமல் வருந்துகிறான். மரகதத்தை அடைய அவன் பழைய செல்லையாவாக மாறவேண்டும். மாறினால் போரில் தான் கண்டுகொண்ட தன்னை இழக்கவேண்டும். இந்த இருதலைக்கொள்ளிதான் அவனுடைய உளப்போராட்டம். நாவலின் முடிவில் நண்பன் மாணிக்கத்தின் அறிவுரை அவனைத் தாங்குகிறது. மருத்துவரும் மருந்தும் இல்லாத இடத்தில் நட்பே மருத்துவமாக நின்றது.

பாண்டியன்: வீட்டைத் தள்ளிவைத்தவன்

‘புயலிலே ஒரு தோணி’யின் தலைவன் பாண்டியன் இதைவிடச் சிக்கலானவன். மேடானில் கடைப்பணி செய்த இவன், ஜப்பானியர் அந்நகருள் நுழைவதைக் காண்பவன்; தொங்கானில் ஏறி, கடும்புயலைக் கடந்து பினாங்கு அடைபவன்; இந்திய தேசிய இராணுவத்திற் சேர்பவன்; போர் முடிந்தபின் இந்தோனேசியரின் விடுதலைப் போரில் டச்சுப் படையை எதிர்த்துப் போரிட்டு, அங்கேயே சுடப்பட்டு மடிபவன். இதனை வீரசாகசக் கதையாகப் படிப்பதும் இயலும். ஆனால் ஆசிரியர் நம்மை அவ்வாறு எளிதாக விடவில்லை.

பாண்டியனின் உள்ளம் இரு திசைகளில் ஓயாது இழுபடுகிறது. ஒன்று, சின்னமங்கலம் என்னும் பிறந்த ஊரையும் மதுரைத் தெருக்களையும் நோக்கிய இழுப்பு. அவ்விடங்கள் அவன் நினைவில் தொடர்பற்ற காட்சிகளாக, ஒலிகளாக, பெயர்களாகத் திடீரென்று பொங்கி எழுகின்றன. தமிழ் நாவலில் நனவோடை உத்தி இவ்வளவு இயல்பாக அமைந்த இடங்கள் சிலவே. மற்றொன்று, ஆபத்தை நோக்கிய இழுப்பு. ஒரு போர் முடிந்ததும் மற்றொரு போர்க்களம் அவனை அழைக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று அவன் நகைக்கிறான். தமிழரின் பழம்பெருமைப் பேச்சையும் அவன் விட்டுவைப்பதில்லை. நண்பர்களோடு மதுவருந்தியபடி இலக்கியத்தையும் வரலாற்றையும் அவன் புரட்டிப்போடும் உரையாடல்கள் தமிழாசிரியர் சிலரை முகஞ்சுளிக்கச் செய்யலாம். உளவியல் நோக்கில் அந்நகைப்பு ஒரு கவசம். பற்றுக் கொண்ட பொருளை முதலில் தானே எள்ளிவிட்டால், அதை இழக்கும்போது வலி குறையும் என்று மனம் கொள்ளும் தற்காப்பு அது. பற்று இல்லாதவன் அத்துணைப் பாடல்களையும் ஊர்ப்பெயர்களையும் நினைவில் சுமந்து திரியமாட்டான்.

புண்பட்ட கணத்துக்கே மனம் திரும்புகிறது என்று பிராய்டு கூறியதைக் கொண்டு பாண்டியன் மீண்டும் களம் புகுவதை விளக்கிவிடலாமா? ஓரளவே விளக்கலாம். 1945 ஆகஸ்டு 17ஆம் நாள் விடுதலையை அறிவித்து, 1949 டிசம்பரில் டச்சுக்காரரிடமிருந்து ஆட்சியுரிமையைப் பெறும்வரை இந்தோனேசிய மக்கள் நடத்திய போர் நேரிய போர். அதில் தமிழன் ஒருவன் தோள் கொடுத்ததை நோயின் அறிகுறி என்று மட்டும் கூறுவது அவன் அறத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். அதனைத் தூய வீரம் என்று மட்டும் புகழ்வதோ, வீட்டை அவன் தள்ளிவைத்துக்கொண்டே போனதைக் காண மறுப்பதாகும். செல்லையா வாசலில் நின்று உள்ளே புக இடமின்றித் தவித்தான். பாண்டியனோ அவ்வாசலை அடையாதவாறு நாளைக் கடத்தினான். வீடு நினைவில் இருக்கும்வரை அழகாக இருந்தது. அங்கே சென்றால் குனிய வேண்டியிருக்கும் என்பதை அவன் ஆழ்மனம் அறிந்திருந்தது என்று கொள்ள இடமுண்டு.

நாவலுக்கு வெளியே

செல்லையாவும் பாண்டியனும் கற்பனை மாந்தர். அவர்களைப் போன்ற உண்மை மனிதர் இம்மண்ணில் வாழ்ந்தனர். நிமிர்ந்த முதுகை மறுபடி வளைக்க மறுத்தவர் சிலர் பொதுவாழ்வில் இறங்கினர். 1946 ஆகஸ்டில் தொடங்கிய மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவர் ஜான் திவி, ஆசாத் ஹிந்த் இயக்கத்தில் பணியாற்றியவர். அக்கட்சியின் தொடக்கத்தில் பங்குகொண்ட ஜானகி ஆதி நாகப்பன் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர். கெடாவில் தோட்டத் தொழிலாளர் தொண்டர் படை என்னும் பெயரில் அணிவகுத்துக் கள்ளை எதிர்த்தனர். 1947இல் அவ்வியக்கம் அடக்கப்பட்டது. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து, பின்னர் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரான எஸ். ஏ. கணபதி, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். போர் கற்பித்த நிமிர்வு சிலர்க்குப் பதவியாயிற்று. சிலர்க்குத் தூக்குக் கயிறாயிற்று.

பெரும்பாலோர் இவ்விரண்டும் இன்றிப் பழைய தோட்ட வரிசை வீடுகளுக்குத் திரும்பினர். அவர்களோடு, சயாம் பர்மா இரயில் பாதையிலிருந்து உயிர் தப்பியவர்களும் திரும்பினர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதில் மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். மீண்டவர்க்குச் சீருடையின் பெருமிதமும் இல்லை, மருத்துவமும் இல்லை. காலையில் பிரட்டு, பின்பு பால்மரம். எனவே அவர்கள் பேசவில்லை.

இந்தப் பேசாமையின் நீளத்தை நூல்களின் ஆண்டுகளே காட்டுகின்றன. ரெமார்க்கின் நாவல் போர் முடிந்து 11 ஆண்டுகளில் வந்தது. ‘கடலுக்கு அப்பால்’ 14 ஆண்டுகளில் வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ 27 ஆண்டுகளில் வந்தது; பதிப்பாளர் கிடைக்காமையும் அத்தாமதத்துக்கு ஒரு காரணம். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல்தான் வந்தது. பாதை முடிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. கிள்ளானுக்கு அண்மையிலுள்ள பந்திங் வட்டாரத்தில் வாழ்ந்த ஆசிரியர் அ. ரெங்கசாமி அதே துயரை ‘நினைவுச்சின்னம்’ என்னும் நாவலாக 2005இல் தந்தார். எவனுக்குச் சமுதாயத்தில் குரல் குறைவோ, அவன் துன்பம் நூலாவதற்கு அத்தனை காலம் வேண்டியிருந்தது. தந்தையிடம் பவுல் வாய் திறவாதிருந்தது பதினேழு நாள். தோட்டத்து முதியவர் பலர் வாழ்நாள் முழுவதும் வாய் திறவாதிருந்தனர்.

வகுப்பறைக்கு உரியது

இந்நாவல்களைக் கற்பிப்பவர் கருத்திற் கொள்ளவேண்டியவை சில உண்டு. முதலாவது, கதைமாந்தரின் குணநலன் என்னும் தலைப்பின்கீழ் வீரன், கோழை, குடியன், பொறுப்பற்றவன் என்று சீட்டு ஒட்டும் வழக்கத்தை விடுதல் வேண்டும். பவுல் தந்தையிடம் பேச மறுத்தது நன்றிகெட்ட செயலாகத் தோன்றும். பாண்டியனின் குடியும் எள்ளலும் ஒழுக்கக்கேடாகத் தோன்றும். அச்செயலுக்கு முன் அவன் கண்டது என்ன, அச்செயலால் அவன் மறைக்க முயல்வது என்ன என்று மாணவரைக் கேட்கப் பழக்கினால், அதே பகுதி வேறு பொருள் தரும்.

இரண்டாவது, உளவியற் சொற்களை அளவறிந்து ஆளுதல் வேண்டும். நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் மனிதனை அறிந்துவிட்டோம் என்னும் மயக்கம் கல்வியாளர்க்கு எளிதில் வரும். செல்லையாவின் துன்பத்தில் பாதி அவன் மனத்தில் உள்ளது. மறுபாதி வட்டிக்கடையின் அமைப்பிலும் தோட்டத்தின் படிநிலையிலும் உள்ளது. மனத்தை மட்டும் ஆராய்ந்து சமுதாயத்தை விட்டுவிட்டால், மிதிவண்டியைவிட்டு இறங்க மறுத்தவனிடமே கோளாறு என்று முடிவு கட்ட நேரும்.

மூன்றாவது, கான்டோரெக்கை நாம் மறத்தல் ஆகாது. அவன் தீயவனாகப் படைக்கப்படவில்லை. தான் நம்பிய பெருஞ்சொற்களை மாணவருக்கு ஊட்டியவன். அச்சொற்களுக்கு விலை கொடுத்தவர்கள் மாணவர்கள். ரெமார்க் 1931இல் வெளியிட்ட ‘திரும்பும் பாதை’ என்னும் பொருள்படும் தொடர்நாவலில், போரிலிருந்து மீண்ட ஏர்ன்ஸ்ட் என்பவன் கிராமப் பள்ளி ஆசிரியனாகிறான். பிள்ளைகளின் முன் நின்று, இவர்களுக்குக் கற்பிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று திகைத்து, அப்பணியைவிட்டு விலகுகிறான். வீரத்தைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் வகுப்பில் பேசும் ஒவ்வோர் ஆசிரியரும் கான்டோரெக்கின் நம்பிக்கைக்கும் ஏர்ன்ஸ்டின் திகைப்புக்கும் இடையே தம் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டியவரே.

போரை நேரிற் கண்ட தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் குடும்பங்களில், பாட்டனார் ஏன் அதிகம் பேசமாட்டார், இரவில் ஏன் திடீரென எழுந்து அமர்வார், துரை என்ற சொல்லைக் கேட்டதும் ஏன் முகம் இறுகும் என்று கேட்காமலே வளர்ந்த பேரர்கள் உள்ளனர். அவர்களுக்கு இனி விடைசொல்ல மனிதர் இல்லை, இந்நூல்கள் உள்ளன. செல்லையாவையும் பாண்டியனையும் தேர்வுக்குரிய கதைமாந்தராக மட்டும் அறிமுகப்படுத்தாமல், தம் குடும்பத்தின் மௌனத்தைப் படித்தறிவதற்குரிய நிகண்டாக மாணவர் கையில் கொடுத்தல் தமிழாசிரியரின் கடமையாகும்.